ஓடைக்கரையில் ஊர் கூடி நாட்டுத் தாவரத் தோட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

எங்கள் ஊர் ஓடைக்கரையில் இன்று பத்து நிமிடம் நிழலில் நடக்கலாம். நீளம் 300 மீட்டர்தான். ஒருபக்கம் நொச்சி வரிசை, தண்ணீர்ப் பக்கம் நாணலும் வெட்டிவேரும், இடையில் ஆளுயரம் தாண்டிவிட்ட நீர்மருதுகள். பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கன்று எங்கே வாங்கினீர்கள்?" என்பதுதான். நாங்களும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கினோம். அதனால் கரையில் நட அனுமதி கேட்ட மனு இரண்டு முறை திரும்பி வந்தது. அவசரத்தில் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் முதல் வெள்ளத்தோடு போய்விட்டன. கன்று வாங்குவது கடைசியில் வரும் வேலை. அதற்கு முன்னால் ஓடையையும் காகிதத்தையும் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓர் ஊரோ தெருவோ சேர்ந்து இப்படியொரு கரையை உருவாக்க நினைத்தால், எந்த வரிசையில் போவது என்பதைச் சொல்கிறேன்.

1. ஒரு மழைக்காலம் முழுவதும் நடந்து பாருங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஒவ்வொரு பெரிய மழைக்கும் மறுநாள் காலையில் கரையோடு நடங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை ஓடையே எழுதி வைத்திருக்கும். புதர்க் கிளைகளில் சிக்கிய வைக்கோலும் நெகிழிப் பையும் ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் தொங்கும். எங்கள் கரையில் அந்தக் கோடு என் மார்பு உயரத்தில் இருந்தது. கோடையில் முழங்கால் நனையாத ஓடை அது. பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அந்த மட்டத்தைப் பாறையிலோ பனையிலோ சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் அந்தக் குறிதான் அளவுகோல்.

வளைவுகளையும் கவனியுங்கள். ஓடை திரும்பும் இடத்தில் வெளிப்புறக் கரையைத் தண்ணீர் அரிக்கும். உட்புறக் கரையில் மணல் படியும். வெளிப்புறத்தில் பாதை போட்டால் இரண்டு மழையில் பாதி பாதை ஓடைக்குள் கிடக்கும். சாக்கடை வந்து கலக்கும் இடம், துணி துவைக்கும் கல், மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் சரிவு எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். கரையை ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களை முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். ஆடு மேய்ப்பவர், கோரை அறுப்பவர், துணி துவைக்க வருபவர் எல்லோரும் உங்களுக்கு முன்பே அந்த ஓடையோடு வாழ்கிறவர்கள். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் நடப்போகிற இடத்தில்தான் கார்த்திகையில் தண்ணீர் சுழித்துக்கொண்டு நிற்கும்" என்றார். நாங்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கார்த்திகையில் அவர் காட்டிய இடத்தில் நட்ட ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. இன்று மாடு இறங்கும் சரிவை அப்படியே விட்டு, அதைச் சுற்றித்தான் தோட்டம் போகிறது.

2. நிலம் யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள்

"அது புறம்போக்குதான்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரத்தையும் (நிலம் என்ன வகை, யாருடையது என்ற பதிவு) புலப்படத்தையும் (நில எல்லை வரைபடம்) பார்க்கலாம். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு என்று வகை குறிக்கப்பட்டிருக்கும். உட்பிரிவு எண்ணையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மனு ஒருமுறை திரும்பியது இதனால்தான். கரை முழுவதும் ஓடையைச் சேர்ந்தது என்று நினைத்திருந்தோம். புலப்படத்தை வைத்துப் பார்த்தபோது 40 மீட்டர் நீளத்துக்கு மேல்கரை ஒருவருடைய பட்டா நிலம். ஓடை பல ஆண்டுகளாகத் தடம் மாறி ஓடியதால் கண்ணால் பார்த்து எல்லை சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் வருவாய்த் துறையில் நில அளவைக்கு மனுக் கொடுத்துக் கட்டணம் செலுத்தி, எல்லைக்கல் காட்டச் சொல்லுங்கள். இந்தச் செலவைத் தவிர்க்க நினைக்காதீர்கள். பட்டா நிலம் இடையில் வந்தால், உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தராவிட்டால் அந்த இடத்தை விட்டு ஒதுங்குங்கள்.

அடுத்து, ஓடை யாருடைய பராமரிப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, நீர்வளத் துறை, மலையடிவாரமாக இருந்தால் வனத் துறை என எதுவாகவும் இருக்கலாம். நேரில் கேட்டால் ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும். நாங்கள் ஆறு வாரம் அலைந்த பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போட்டோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தது, அந்தக் காகிதமே பிறகு எல்லா மேசையிலும் எங்களுக்காகப் பேசியது. நீங்கள் அலைச்சலுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

3. தீர்மானமும் மனுவும்

கிராமமாக இருந்தால் கிராம சபைத் தீர்மானம் மிகப் பெரிய துணை. சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததுவரை காத்திருக்க வேண்டும் என்பதால் நாட்காட்டியில் குறித்துவைத்து, ஒரு வாரம் முன்பே விவாதப் பொருளை எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள்.

தீர்மானத்தின் வாசகம் முக்கியம். எங்கள் முதல் தீர்மானம் ஆகஸ்ட் 15 அன்று நிறைவேறியது. "ஓடைக்கரையில் மரக்கன்றுகள் நட அனுமதிப்பது" என்று மட்டும் அதில் இருந்தது. புல எண் இல்லை, நீளம் இல்லை, யார் பராமரிப்பது என்றும் இல்லை. மனு அப்படியே திரும்பி வந்தது. அக்டோபர் 2 வரை காத்திருந்து மறுபடி எழுதினோம். நடவு தள்ளிப்போனதும், தள்ளிப்போனதால் அவசரப்பட்டதும், அவசரத்தில் தாழ்வான இடத்தில் நட்டதும் எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து வந்தவை. தீர்மானத்தில் புல எண், உட்பிரிவு, நீளம், அகலம், கட்டுமானம் எதுவும் செய்யப்போவதில்லை என்ற உறுதி, எத்தனை ஆண்டு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது எல்லாம் இருக்கட்டும். நிறைவேறியதும் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஓடையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவோடு சேர்க்க வேண்டியவை: தீர்மான நகல், அ-பதிவேடு மற்றும் புலப்பட நகல், கையால் வரைந்த இட வரைபடம், இப்போதைய நிலையைக் காட்டும் நான்கைந்து புகைப்படங்கள், நடப்போகும் செடிகளின் பட்டியல், பொறுப்பேற்கும் ஐந்து பேரின் கையொப்பம். இரண்டு தொகுப்பாகக் கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகை இல்லாமல் கொடுத்த மனு கொடுக்காத மனுதான். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே நகலோடு கொடுக்கலாம்.

நீர்நிலைப் புறம்போக்கு ஆட்சேபணைக்குரிய வகை. அதில் யாருக்கும் உரிமை பிறக்காது. "செடி நட்டுப் பராமரிக்க" என்று மட்டுமே கேளுங்கள். பெஞ்சு, அலங்கார வளைவு, மண்டபம், கம்பி வேலி என்று ஒரு சொல் சேர்த்தாலும் கோப்பு வேறு திசையில் போய்விடும். கிடைத்த அனுமதியை வைத்து இது எங்கள் சங்கத்து இடம் என்று பலகை வைப்பதும் தவறு.

சங்கம் பதிவு செய்வதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தொடங்குவதற்கு அது தேவையில்லை. வெளியிலிருந்து பெரிய நன்கொடை வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ், குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யுங்கள்.

4. களை எடுப்பதில் நிதானம்

கரையில் என்ன நிற்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். எடுக்க வேண்டியவை பெரும்பாலும் சீமைக்கருவேலம், உன்னிச்செடி, நெய்வேலிக் காட்டாமணக்கு, தண்ணீரில் ஆகாயத்தாமரை. தொடக்கூடாதவை நாணல், கோரை, தானாக முளைத்த நொச்சி, சூரை, சங்கம்புதர். பார்வைக்குப் புதர்போல் கிடக்கும் நாணல்தான் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "சுத்தம் செய்கிறோம்" என்று பொக்லைன் இறக்கி நாணலை வழித்து எடுத்த கரை அடுத்த மழையில் சரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். ஆனால் செங்குத்தான சரிவில் வேரோடு பிடுங்கினால் மண்ணும் கூடவே வந்துவிடும். அங்கே மட்டும் வெட்டிவிட்டு, துளிர் வரும்போதெல்லாம் ஒடித்துக்கொண்டே இருந்து, பக்கத்தில் நட்டது வேர் பிடித்த பிறகு கட்டையை எடுங்கள். ஒரே மூச்சில் 300 மீட்டரையும் மொட்டையடிக்க வேண்டாம். 20 மீட்டர் எடுத்தால் 20 மீட்டர் விட்டுவையுங்கள். பிப்ரவரி முதல் மே வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். நெற்று விழுந்து ஆடு மாடு தின்றுவிட்டால், சாணத்தோடு விதை ஊரெங்கும் போகும்.

நெய்வேலிக் காட்டாமணக்கு இன்னும் பொல்லாதது. ஒடிந்த தண்டு ஈரத்தில் கிடந்தாலே வேர்விடும். பிடுங்கியதைத் தண்ணீரில் தள்ளினால் கீழ்க்கரை முழுவதும் நடவு செய்தது மாதிரி. மேட்டில் குவித்து வெயிலில் சருகாகக் காயவிடுங்கள்.

இன்னொரு பொறி: வெட்டிய விறகு உங்களுடையது இல்லை. புறம்போக்கு நிலத்து மரத்தை விற்பதென்றால் நிலத்தைப் பராமரிக்கும் அமைப்பு ஏலம் விட வேண்டும். "விறகை விற்றுக் கன்று வாங்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால், நல்ல எண்ணத்தில் சொன்னாலும் கேட்காதீர்கள். வழக்கில் போய் முடியும்.

5. எந்தச் செடி எந்த மட்டத்தில்

சுண்ணாம்பால் குறித்த வெள்ள மட்டம் இங்கேதான் கைகொடுக்கும். கரையை மூன்று பட்டையாகப் பிரியுங்கள்.

தண்ணீரை ஒட்டிய கீழ்ப்பட்டையில் வளைந்து கொடுப்பவை மட்டும்: வெட்டிவேர், நாணல், கோரை, நொச்சி, தரையில் படரப் பொடுதலை, ஈரம் நிற்கும் இடத்தில் வல்லாரை. வெள்ளம் மேலே போகும்போது படுத்து, வடிந்ததும் எழும்பும் செடிகள் இவை. ஓடையின் நடுவில் எதையும் நடாதீர்கள். தண்ணீரின் வழியை மறித்தால் அது கரையை உடைத்துக்கொண்டு போகும்.

சரிவில் நீர்மருது, நாவல், புங்கம், அத்தி, நீர்க்கடம்பு. சில நாள் வேரில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். வெள்ளம் எட்டாத மேல்கரையில் இலுப்பை, வேம்பு, நுணா, பூவரசு, மகிழம், இடையிடையே ஆவாரை. பனைக்குக் காசே வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையைச் சேர்த்து, ஒரு அடி ஆழத்தில், பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்துவிட்டு மறந்துவிடலாம்.

நொச்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெருவிரல் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு முழ நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஈரக்கரையில் குத்திவைத்தோம். இருபது நாள் கழித்துப் போனபோது கணுவில் அரிசி முனைபோல் சாம்பல் நிறத் துளிர். தொட்டு முகர்ந்தால் அந்த மணம் விரலில் ஒட்டிக்கொண்டது. ஆடு மாடு வாய் வைக்காது. இரண்டே ஆண்டில் உயிர்வேலி ஆகிவிடும். எங்கள் கரையில் வேலிக்கென்று எடுத்துவைத்த பணத்தில் பெரும்பகுதியை நொச்சிதான் மிச்சப்படுத்தியது.

"நாட்டு மரம்" என்று சொல்லிக் கொடுப்பதையெல்லாம் வாங்கிவிடாதீர்கள். தூங்குமூஞ்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது; செம்மயிற்கொன்றை மடகாஸ்கர் மரம். நிழல் தரும், அழகாகப் பூக்கும். ஆனால் இந்தத் தோட்டத்துக்கு அவை வேண்டாம். உங்கள் ஓடையிலேயே மேலும் கீழும் ஐந்து கிலோமீட்டர் நடந்து, என்ன தானாக வளர்ந்து நிற்கிறது என்று எழுதுங்கள். அதுதான் நம்பகமான பட்டியல். விதையும் அங்கேயே கிடைக்கும்.

6. கன்றும் நடவு நாளும்

வனத் துறை நாற்றங்கால்களில் ஜூன், ஜூலையிலேயே கேட்டு வையுங்கள். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் வழியாகவும் கன்று கேட்கலாம். மழை தொடங்கிய பிறகு போனால் மிஞ்சியதுதான் கிடைக்கும். ஒரு கன்றின் பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு முதல் ஆண்டு வந்த நாவல் கன்றுகள் உயரமாக, பளபளவென்று இருந்தன. பையைக் கிழித்தால் அடியில் வேர் வளையல்போல் மூன்று சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. அப்படிப்பட்டவை நட்டாலும் மண்ணைப் பிடிக்காது. இரண்டடிக் கன்றாக இருந்தாலும் நேரான வேர் உள்ளதை எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நடுவது பெரிய தவறு. விழா எடுத்து, விருந்தினரை அழைத்து ஒரே காலையில் நட்டால் படம் நன்றாக வரும், கன்று நிற்காது. மேல்கரையிலும் சரிவின் மேல்பாதியிலும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது, அக்டோபரில் நடுங்கள். கீழ்ப்பட்டையை வெள்ளம் வடிந்த பிறகு, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஈரம் காயும் முன் நடுங்கள். வேர் பிடிக்க அடுத்த மழைவரை ஒன்பது மாதம் கிடைக்கும். கன்னியாகுமரி, நீலகிரி, தென்காசி போலத் தென்மேற்குப் பருவமழை பெறும் இடங்களில் இதே கணக்கை ஜூனிலிருந்து தொடங்குங்கள்.

சமதரையில் ஒன்றரை அடிக்குக் குறையாத குழி வேண்டும். சரிவில் அவ்வளவு பெரிதாகத் தோண்டினால் கரை இளகும். பை புதையும் அளவுக்குத் தோண்டி, கீழ்ப்பக்கம் பிறைபோல் மண் அணைத்தால் போதும். கிழித்த பைகளை எண்ணித் திரும்ப எடுத்து வாருங்கள்.

7. நடைபாதை

புதிதாகப் போட வேண்டாம். மனிதரும் ஆடும் நடந்து விழுந்த ஒற்றையடித் தடம் ஏற்கெனவே இருக்கும். அதையே நான்கடி அகலத்துக்குச் செப்பனிடுங்கள். மண்ணைத் தட்டிச் சரளை பரப்பினால் போதும். சிமென்ட் வேண்டாம், அடியில் மண் அரித்ததும் பலகைபோல் உடைந்து ஓடைக்குள் விழும். பாதை மேல்கரையோடு போகட்டும். ஓடைக்கு இறங்குவது ஓரிரு இடத்தில், உள்வளைவில் மட்டும் இருக்கட்டும். பாதையின் இருபுறமும் ஓரடிக்குப் புல்லைக் குட்டையாக வைத்திருங்கள். பாம்பு கண்ணில் படும், யாரும் தெரியாமல் மிதிக்க மாட்டார்கள். கற்குவியலைப் பாதையோரம் விட்டுவைக்காதீர்கள்.

பெயர்ப்பலகைக்கு இரும்பு வேண்டாம். தட்டையான கல்லில் பள்ளிப் பிள்ளைகளை எழுதச் சொன்னோம். "நீர்மருது" என்று எழுதிய கல்லருகே இப்போது அந்தப் பிள்ளைகளே பெற்றோரை அழைத்துவந்து நிறுத்துகிறார்கள்.

8. செலவும் தண்ணீரும்

கன்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பணம் போவது இரண்டு கோடைக்குத் தண்ணீர், கன்றுக் காப்பு, நில அளவைக் கட்டணம், களை எடுக்கும் கூலி ஆகியவற்றுக்கு. கையில் இருக்கும் தொகையை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் நடவுக்கு எடுங்கள். மீதி இரண்டு பங்கு அடுத்த இரண்டு கோடைக்கு. எல்லாவற்றையும் நடவில் கொட்டிவிட்டு மார்ச்சில் தண்ணீர் வண்டிக்குப் பணமின்றி நிற்கும் குழுக்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

பிப்ரவரி முதல் ஜூன் வரை, மேல்கரைக் கன்றுகளுக்கு வாரம் ஒருமுறை குடம் நிறையத் தண்ணீர். நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட இதுவே நல்லது. வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். அடியில் சருகு மூடாக்கு போடுங்கள். ஆட்டிலிருந்து காக்க, நெற்று இல்லாத சீமைக்கருவேல முள்கிளைகளையே வளைத்துக் கட்டலாம். ஓடையிலிருந்து மோட்டார் வைத்து இறைப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். குடத்தில் மொண்டு ஊற்ற ஆள் சேர்ப்பது எளிது. எங்களில் பதினெட்டுக் குடும்பங்கள் ஆளுக்கு எட்டுக் கன்று என்று பிரித்துக்கொண்டோம். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி மாதக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள்.

9. முதல் வெள்ளம் வடிந்த மறுநாள்

எல்லோரும் சேர்ந்து போக வேண்டிய நாள் இது. சாய்ந்த கன்றை நிமிர்த்தி மண் அணையுங்கள். முள்காப்பில் சிக்கிய நெகிழியையும் துணியையும் உடனே எடுங்கள். அவை அடுத்த வெள்ளத்தில் பாய்போல் தண்ணீரைப் பிடித்துக் கன்றையே சாய்த்துவிடும். அரிப்பு கண்ட இடத்தில் வெட்டிவேர்த் தூரைப் பிரித்து நெருக்கமாக நடுங்கள். போனவை எத்தனை, எந்த இனம், எந்த மட்டத்தில் என்று அன்றே எழுதுங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஜனவரியில் கீழ்ப்பட்டைக்கு எத்தனை நொச்சிக் குச்சி வெட்டுவது என்று முடிவு செய்கிறோம்.